சராசரிக்குள் மறைந்த மரணங்கள்



"புற்றுநோய் என்ன சாதி பார்த்தா வருகிறது?" பொதுச் சுகாதாரத்தில் ஆய்வு செய்யும் என்னிடம் பலர் கேட்பது இது. நோய் சாதி பார்ப்பதில்லைதான். அது எந்தக் கட்டத்தில் கண்டறியப்படும், சிகிச்சை யாருக்குக் கிடைக்கும் என்பதில் சமூகம் பார்க்கிறது.

வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மருத்துவமனையின் வேர், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக 1862இல் அமைந்த ஃப்ரீட்மென் மருத்துவமனை. அங்கே பணியாற்றிய கறுப்பின அறுவை மருத்துவர் லாசால் லெஃபாலும் சக ஆய்வாளர்களும் 1950 முதல் 1967 வரையிலான புற்றுநோய் இறப்புகளை இனவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். கறுப்பின மக்களிடையே இறப்பு அச்சமூட்டும் அளவுக்குக் கூடியிருந்தது. 1973இல் அதை வெளியிட்டார்கள். 1978இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவரான லெஃபால், இதை நாடு தழுவிய பிரச்சினையாக்கினார்.

இறப்புக் கணக்கு எல்லோருக்கும் திறந்தே கிடந்தது. இந்தக் கேள்வியோடு அதைப் புரட்டியவர்கள் ஹோவர்டில் இருந்தார்கள்.

ஆய்வு இடங்களில் இடஒதுக்கீட்டை நாம் கேட்பது வேலைக்காக மட்டுமல்ல. யார் நோய் முற்றிய பிறகு வருகிறார்கள், யார் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள் என்று சாதிவாரியாகக் கேட்க அங்கே நாம் இருக்க வேண்டும். "எல்லாம் மரபணு" என்று பதில் வரலாம். பேருந்துக் கட்டணமும் இழந்த நாள்கூலியும் எந்த மரபணுவிலும் இல்லை, தோழர்களே. அவற்றையும் கணக்கில் எழுதுவோம்.

ஜெய்பீம்.