மழையில் நனைந்த முன்னிறக்கை

சொந்தக் கொட்டகையில் விமானம் கட்டுகிறவர் இறக்கைக்கு ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, அந்த விமானம் எவ்வளவு வேகமாகப் போகும், எந்த இடத்தில் கைவிடும் என்ற இரண்டையும் பெருமளவு முடிவு செய்துவிடுகிறார். இறக்கையைக் குறுக்கே அறுத்தால் தெரியும் வளைவுதான் அந்த வடிவம். ஏரோஃபாயில் என்பது அதன் பெயர்.

மூக்கைத் தூக்கத் தூக்க, இறக்கையின் தூக்குவிசை கூடிக்கொண்டே போகும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. பல இறக்கைகளில், எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம் 15 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது அந்த எல்லை வரும். அதைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி வந்த காற்று பிய்த்துக்கொண்டு விலகிவிடும். தூக்குவிசை சரியும், காற்றின் இழுவை எகிறும். இதுதான் ஸ்டால். தரைக்கு அருகே நேர்ந்தால் மீள்வதற்கு உயரம் இருக்காது.

அமெரிக்காவில் விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டார். 1975இல் பறந்த அவருடைய வேரிஈஸி விமானத்தில், சிறிய இறக்கை ஒன்று மூக்கருகே இருந்தது. அந்த முன்னிறக்கை முதலில் ஸ்டால் ஆகும். மூக்கு தானாகத் தாழும். பெரிய இறக்கை ஆபத்தான கோணத்தை எட்டாது. நுரைப் பாளத்தைச் சூடான கம்பியால் அறுத்து, மேலே கண்ணாடி இழை ஒட்டிக் கட்டும் முறை. வரைபடம் வாங்கிய எவராலும் வீட்டிலேயே செய்ய முடிந்தது.

முன்னிறக்கைக்கு அவர் எடுத்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு வடிவம். அதன்மேல் காற்று, சீட்டுக்கட்டில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் சீட்டுகளைப் போல, அடுக்கடுக்காக நெடுந்தூரம் அமைதியாக ஓடும். அதனால் இழுவை மிகக் குறைவு.

மழை பெய்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

முன்விளிம்பில் ஒட்டிய நீர்த்துளிகளே அந்த அமைதியான ஓட்டத்தைக் கலைக்கப் போதுமாக இருந்தன. கலைந்த காற்று பின்விளிம்பு வரை ஒட்டி ஓட முடியாமல் முன்னதாகவே விலகியது. முன்னிறக்கை தூக்குவிசையை இழக்க, பல விமானங்களில் மூக்கு தாழ்ந்தது. விமானி கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரே வரைபடத்தில் பிறந்த விமானங்கள்கூட மழையில் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. அடித்து ஒட்டிய பூச்சிகளும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. இழுவையைக் குறைத்த அதே மென்மையான ஓட்டம்தான் இந்த விமானத்தின் பலவீனமும் ஆனது.

ஜான் ரான்ஸ் என்ற வடிவமைப்பாளர் கணினியின் உதவியுடன் புதிய வடிவம் ஒன்றை வரைந்தார். நனைந்தாலும் தூக்குவிசையை அதிகம் இழக்காத வடிவம் அது. வேரிஈஸிக்குப் பின் 1979இல் வந்த லாங்-ஈஸியைக் கட்டியவர்கள் பலர், 1980களின் நடுவிலிருந்து இந்தப் புதிய முன்னிறக்கைக்கு மாறினார்கள். 1986 டிசம்பரில் வழியில் எரிபொருள் நிரப்பாமல் 9 நாளில் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் இறக்கை வடிவங்களும் ரான்ஸ் வரைந்தவையே.

வீட்டில் கட்டுகிறவருக்கு இந்த வரலாறு மிக முக்கியம். காற்றுச் சுரங்கத்தில் பளபளப்பான மாதிரி இறக்கை காட்டும் எண்கள், சூடான கம்பி சற்றே பிசகிய இறக்கைக்குக் கிடைக்காது. ஆகவே மிகக் குறைந்த இழுவை தரும் வடிவத்தைவிட, அழுக்கிலும் ஈரத்திலும் குணம் மாறாத வடிவமே அவருக்கு நல்ல துணை.

1930களில் அமெரிக்க விமான ஆய்வு அமைப்பான நாகாவில் உருவான 23012 ஏரோஃபாயில் குடும்பம் வேறொரு பாடம். இழுவை குறைவு, ஆனால் ஸ்டால் திடீரென்று வரும். இருந்தும் அந்தக் குடும்பத்து வடிவத்தையே, வீட்டில் கட்டுவதற்கான வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-4, ஆர்வி-6 போன்ற விமானங்கள் நல்லபடியாகப் பயன்படுத்துகின்றன. அவற்றின் இறக்கை செவ்வகம். அப்படிப்பட்ட இறக்கையில் ஸ்டால் உடலருகே தொடங்கும், நுனியிலுள்ள கட்டுப்பாட்டுப் பலகைகள் இன்னும் சிறிது நேரம் வேலை செய்யும். காற்று எந்த இடத்தில் முதலில் விலகுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க, கட்டியவர்கள் இறக்கையின் மேல் சிறு சிறு நூல் துண்டுகளை ஒட்டிக்கொண்டு, போதிய உயரத்தில் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். ஸ்டால் ஆன பகுதியில் நூல்கள் தாறுமாறாக ஆடும்.