பாலத்தின் கீழே ஒரு கடைத்தெரு
(பங்கு யூபிலி விழாவின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி மேடையில் பேசுகிறவர்கள் கோவில் எழும்பிய வரலாற்றைப் பேசுவது வழக்கம். அதைப் பேசத் தகுதி வாய்ந்த மூத்தோர் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றனர். ஆகவே நாம் கோவில் வாசலைக் கடந்து, நம் அன்றாட வாழ்வு நடக்கின்ற பாம்பன் கடைத்தெருவைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம். கடைத்தெருவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஒரு வீட்டின் நிலையை அடுப்படியில் காணலாம். ஓர் ஊரின் நிலையைக் கடைத்தெருவில் காணலாம்.

தமிழ்நாடு முழுவதும் நம் ஊரின் பெயரை இரண்டு சந்தர்ப்பங்களில் கேட்கிறது. கடலில் புயல் சின்னம் உருவானால், "பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று செய்தி வருகிறது. மற்றொன்று, பாலத்தைப் பற்றிப் பேசும்போது. புயலுக்கும் பாலத்துக்கும் இடையே ஓர் ஊர் இருக்கிறது, அங்கே மனிதர்கள் உப்பும் புளியும் வாங்கி வாழ்கிறார்கள் என்பது பலருடைய நினைவில் இல்லை. பிறர் மறந்தது பெரிதல்ல. நாமே மறந்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் இன்று எங்கள் கவலை.

நம் கடைத்தெரு எப்படி வாழ்ந்தது என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது ஆட்கள் கையால் நெம்பித் திறந்த தூக்குப் பாலம் அது. சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயில் வண்டி அப்பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி சென்றது. பயணிகள் அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்தார்கள். இராமேஸ்வரத்துக்கு ஒரு தடமும், தனுஷ்கோடிக்கு ஒரு தடமும் பிரிந்த இடம் நம் பாம்பன். அந்நாளில் நம்முடையது வெறும் நிலையமன்று, ஜங்ஷன். தீவுக்கு வரும் சரக்கெல்லாம் ரயிலிலோ படகிலோதான் வந்தாக வேண்டும். தீவின் முதல் நிலையம் நம்முடையது. வண்டி நின்றால் தேநீர்க் கடை பிழைக்கும், சாப்பாட்டுக் கடை பிழைக்கும், சுமை தூக்குபவர் பிழைப்பார், மீன் கூடையும் ஏறும். கடைத்தெரு வளர்ந்த கதை இவ்வளவுதான். வந்தவர்கள் நின்றார்கள்; நின்றவர்கள் வாங்கினார்கள்.

பின்பு மூன்று அடிகள் விழுந்தன.

முதலாவது அடி 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு விழுந்தது. அந்த இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் வண்டி கடலுக்குள் போயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வண்டி கடைசியாக விட்டுச் சென்ற நிலையம் நம்முடையது என்பதை நாம் மறக்கலாகாது. புயல் சிதைத்த பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் செப்பனிட்டார்கள். பாலம் மீண்டது, தனுஷ்கோடித் தடம் மீளவில்லை. ஜங்ஷன் என்ற பெருமை அன்றோடு போயிற்று.

இரண்டாவது, இலங்கைப் போக்குவரத்து நின்றது. புயலுக்குப் பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களின் முற்பகுதியில், இலங்கையில் கலவரமும் போரும் மூண்டபோது, நின்றுவிட்டது. அக்கரைக்குப் பயணிகளாகப் போய் வந்தவர்களைக் கண்ட இந்தத் தீவு, அதன் பின் அகதிகளாக வந்தவர்களைக் கண்டது.

மூன்றாவதை அடி என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனெனில் அதை நாம் எல்லோரும் கைதட்டி வரவேற்றோம். 1988 அக்டோபர் 2-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அவர்கள் சாலைப் பாலத்தைத் திறந்து வைத்தார்கள். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஊர்தியில் ஏற்றி இராமநாதபுரம் கொண்டுசெல்ல முடிந்தது அதற்குப் பின்தான். அந்தப் பாலத்தைக் குறை சொன்னால் நாவு கூசும். ஆயினும் ஓர் உண்மை உண்டு. அதுவரை நம் ஊர் தீவின் வாசலாக இருந்தது. அதற்குப் பின், வேகமாகக் கடந்து செல்லும் வழியில் ஒரு பெயர்ப் பலகையாக ஆயிற்று. இராமேஸ்வரம் போகிறவர்கள் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்துகிறார்கள், இறங்குகிறார்கள், கடலையும் ரயில் பாலத்தையும் படம் பிடிக்கிறார்கள், மீண்டும் ஏறிப் போய்விடுகிறார்கள். கீழே இறங்கி நம் கடைத்தெருவில் ஒரு குவளைத் தேநீர் குடிப்பவர் எத்தனை பேர்?

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம் நிலையத்துக்கு வண்டி வரவில்லை. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடுகிறது. உலகமே பார்க்கிறது. ஆனால் பாலம் உயர்ந்தால் ஊர் தானாக உயர்ந்துவிடும் என்று நம்பி நாம் சும்மா இருக்கலாமா? நம் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

அன்பர்களே, இதுவரை புயலையும் போரையும் பாலத்தையும் சொன்னோம். இனி நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். சற்றுக் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அரசு தரும் நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் நம் வீட்டு அடுப்பு எரிவது எப்படி? கடைத்தெருவில் உள்ள பலசரக்குக் கடைக்காரர் தம் பற்று நோட்டில் நம் பெயரை எழுதிக்கொண்டு அரிசியும் பருப்பும் தருகிறார். வட்டி கேட்பதில்லை. ஜாமீன் கேட்பதில்லை. எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. வாடைக்காற்றில் கடலுக்குப் போக முடியாத நாட்களிலும் அப்படித்தான்.

தடை நீங்குகிறது. படகு போகிறது. இறாலும் கணவாயும் நண்டும் வருகின்றன. கையில் ரொக்கம் வருகிறது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? குடும்பத்தோடு பேருந்து ஏறி இராமநாதபுரம் போகிறோம். குளிரூட்டிய பெரிய கடையில் துணி எடுக்கிறோம், மளிகை வாங்குகிறோம், அங்கேயே சாப்பிட்டுத் திரும்புகிறோம். இப்போது அதற்கும் போக வேண்டியதில்லை. கைபேசியில் தொட்டால் பொருள் வீட்டு வாசலுக்கு வருகிறது. கடன் நம் ஊரில், ரொக்கம் அயலூரில்! இது நியாயமா? பற்று நோட்டுத் தடித்துக்கொண்டே போனால் கடைக்காரர் எத்தனை ஆண்டு தாங்குவார்? ஒரு நாள் கதவை இறக்கிப் பூட்டிவிட்டு, மகன் இருக்கும் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விடுகிறார். அடுத்த தடைக்காலத்தில் நாம் எங்கே போய் நிற்போம்? பெரிய கடையில் பற்று நோட்டு இல்லை, அன்பர்களே. அங்கே நம் பெயரே தெரியாது.

ஆகவே கடைத்தெருவைக் காப்பது கடைக்காரருக்குச் செய்யும் தர்மம் அன்று. நமக்கு நாமே செய்துகொள்ளும் பாதுகாப்பு.

இனி, செய்யத்தக்கது என்ன? நம் கையில் உள்ள மூன்று காரியங்களை மட்டும் இங்கே முன்வைக்கிறோம்.

முதலாவது: தடைக்காலம் முடிந்து வரும் முதல் வருமானத்தில் கடைத்தெருக் கடனை அடைத்த பின்பே வெளியூர் செல்வது என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதி கொள்ள வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் பொருளை நம் ஊரில் வாங்க வேண்டும். கடைக்காரர்களும் தம் பங்கைச் செய்ய வேண்டும். விலையை எழுதி வையுங்கள். எடையைச் சரியாக நிறுங்கள். வாசலைக் கூட்டி வையுங்கள்.

இப்படிப்பட்ட கட்டுப்பாடு நடக்குமா என்று கேட்பவர்களுக்கு, நம் சின்னப்பாலத்துப் பெண்களைக் காட்டுகிறோம். கடற்பாசி எடுக்கும் அப்பெண்கள், பாசி அழிந்தால் பிழைப்பு அழியும் என்று உணர்ந்து, மாதத்தில் இத்தனை நாட்கள் மட்டுமே எடுப்பது என்று தமக்குத் தாமே விதி செய்துகொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு 2015-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு பரிசளித்துப் பெருமைப்படுத்தியது. கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் பெண்களால் முடிந்த கட்டுப்பாடு, நிழலில் நிற்கும் நம்மால் முடியாதா?

இரண்டாவது: மீனும் கருவாடும் விற்கும் நம் தாய்மார்களுக்கு ஒரு கூரை வேண்டும். வெயிலில் சாக்கை விரித்து உட்கார்ந்து விற்கிறார்கள். பாலத்தடியில், வருகிறவர் கண்ணில் படும் இடத்தில், தண்ணீர் வசதியும் கழிவறையும் உள்ள ஒரு சிறு சந்தையை ஊராட்சியிடம் கேட்போம். நெத்திலிக் கருவாட்டை மணல் படாமல் உலர்த்தி, சுத்தமாகக் கட்டி, ஊர்ப்பெயரை அச்சிட்டு விற்றால், மதுரையிலிருந்து வருகிறவர் பாலத்தில் படம் எடுத்ததோடு திரும்பமாட்டார். மகளிர் குழுக்கள் இதை ஏற்று நடத்தலாம். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: குப்பை கிடக்கும் கரையில் எவரும் இறங்கமாட்டார்.

மூன்றாவது: நம் நினைவுகளுக்கு ஓர் அறை வேண்டும். 1897 ஜனவரியில் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பியபோது காலடி வைத்த குந்துகால் நம் ஊரில் உள்ளது. 1914-இன் பாலம், 1964-இன் இரவு, இலங்கைக் கப்பல், புயல் கூண்டு, பாசி எடுக்கும் பெண்கள் என ஓர் ஊருக்கு இதைவிட என்ன வரலாறு வேண்டும்? பூட்டிக் கிடக்கும் ஒரு கடையைத் திறந்தாலே போதும். வீடுகளில் உள்ள பழைய படங்களை எடுத்து வாருங்கள். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள் பேசட்டும். பணி முடிந்த பழைய பாலத்தின் ஓர் இரும்புத் துண்டையாவது நம் மண்ணில் நிறுத்தும்படி ரயில்வேயை வேண்டுவோம். மீனவருக்கென்றே நம் ஊரில் ஒலிக்கும் கடல் ஓசை வானொலி பெரியவர்களின் குரலைப் பதிவு செய்து உதவலாம். படித்துவிட்டு வேலை தேடி நிற்கும் நம் பிள்ளைகள் வருகிறவர்களுக்கு வழிகாட்டிகளாகலாம்.

இது கனவு என்று தள்ள வேண்டாம். தரங்கம்பாடியைப் பாருங்கள். 1620-இல் டேனிஷ்காரர் கோட்டை கட்டிய அவ்வூர் மங்கிப்போய், 2004 சுனாமியில் பெரும் துயரும் கண்டது. பின்பு பழைய வீடுகள் சில செப்பனிடப்பட்டன. கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்தைக் காண மக்கள் வருகிறார்கள். அமெரிக்காவிலும் பெருஞ்சாலைகள் ஒதுக்கிவிட்ட சிற்றூர்க் கடைத்தெருக்களை மீட்க 1980-இல் மெயின் ஸ்ட்ரீட் என்றோர் அமைப்புத் தொடங்கப்பட்டது. பழையதை இடிக்காமல் பழுதுபார்ப்பது, கடைக்காரர்களும் ஊராரும் கூடிச் சிறிது சிறிதாகச் செய்வது என்பதே அவர்கள் கண்ட வழி. பெரிய பணம் முதலில் வரவில்லை. கூட்டம் கூடிப் பேசிய பின்பே வந்தது.

ஒன்று சொல்லி முடிக்கிறோம். இது நம் பங்கின் காரியம் மட்டும் அன்று. கடைத்தெருவில் இந்துக்களும் இஸ்லாமியரும் நம்மவரும் தோளோடு தோள் நின்று வியாபாரம் செய்கிறார்கள். பற்று நோட்டில் எல்லாப் பெயர்களும் கலந்தே இருக்கின்றன. எனவே இதற்கென அமையும் குழுவிலும் எல்லோரும் இருக்க வேண்டும். யூபிலி என்றாலே கடன் தீர்த்து விடுதலை பெறும் ஆண்டு என்று நம் வேதம் சொல்லுகிறது. இந்த யூபிலியில் நாம் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று கடைத்தெருவில் இருக்கிறது. நாளைக் காலை திருப்பலி முடிந்து வீட்டுக்குப் போகும்போது, நேரே போகாமல் அந்த வழியாகப் போங்கள். கடைக்காரரிடம் நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். முடிந்ததைக் கொடுங்கள். தொடக்கம் அதுவாக இருக்கட்டும்.