ஒன்றுக்கு மூன்று படி



பிறப்புப் பத்திரம், கலியாணப் படம், பிள்ளைகளின் தேர்வு அறிக்கை ஆகியவற்றை முன்பு தகரப் பெட்டியில் பூட்டி வைத்தோம். இன்று இவற்றில் பல கணினிக்குள் சென்றுவிட்டன. பெட்டியைக் கரையானிடமிருந்து காக்க நமக்குத் தெரியும். கணினியில் உள்ளதைக் காப்பது எப்படி?

யாழ்ப்பாணப் பொது நூலகத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1981ஆம் ஆண்டு மே இறுதி, ஜூன் தொடக்கத்தில் அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் படி இருந்த நூல்களை மீண்டும் தேடிப் பெற முடிந்தது. ஒரே படியாக இருந்த ஏடுகள் போனவை போனவையே! 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டத்தார், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் கணினிப் படிகளாக்கிக் காத்து வருகிறார்கள். ஒரே படியை நம்பக் கூடாது என்பதே நமக்குப் பாடம்.

கணினி வட்டு ஒருநாள் தேய்ந்து நின்றுவிடும். இடி மின்னல் அதைக் கருக்கிவிடலாம். 2021 டிசம்பரில் நம் நெகிரி செம்பிலானிலும் வெள்ளம் புகுந்ததை அறிவீர்கள். தண்ணீருக்குப் பத்திரமும் ஒன்றுதான், கணினியும் ஒன்றுதான்.

ஆகவே, முக்கியமான கோப்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள் வேண்டும். முதற்படி கணினியில் இருக்கட்டும். இரண்டாவதைத் தனி வட்டில் பதியுங்கள். பதிந்தவுடன் அதைக் கழற்றி வையுங்கள். மாட்டியே வைத்தால், மின்னலோ வைரஸோ இரண்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும். மூன்றாவது வேறு ஊரில் இருக்கவேண்டும். பகாவிலோ சிரம்பானிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒரு வட்டைக் கொடுத்து வைக்கலாம். இணையச் சேமிப்பிலும் வைக்கலாம். அதன் கடவுச்சொல்லை வீட்டில் இருவராவது அறிந்திருப்பது நல்லது.

மாதந்தோறும் சம்பள நாளன்று புதிய கோப்புகளைப் பதியுங்கள். பதிந்த படியைத் திறந்தும் பாருங்கள். திறக்காத படி இருந்தும் இல்லாததே.

பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்கவேண்டும். அதற்குப் பிறப்புப் பத்திரம் தேவை. கணினிப் படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் மூலம் தொலைந்தால், அதிலுள்ள பதிவு எண்ணும் விவரங்களும் தேசியப் பதிவுத் துறையில் மறுபடி பெற உதவும். எண் தெரியாமல் அலைந்த பெற்றோரை ஆசிரியர்களாகிய நாங்கள் கண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. நீலாய், லாபு வட்டாரத்தில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயமும் பால் கொட்டகையும் இருந்த இடத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டப் படங்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அவற்றை ஒரே வட்டில் விட்டுவைக்கலாமா? இந்தச் சம்பள நாளிலேயே தொடங்குங்கள்.