பங்கு கேட்போம், பில்லும் கேட்போம்

(தனுவச்சபுரத்தில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



"ஒன்றிய அரசு தர வேண்டியதைத் தரவில்லை, நாங்கள் மட்டும் ஏன் ஒழுங்காக வரி கட்ட வேண்டும்?" பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கடைவீதிகளில் எழும் இக்கேள்விக்கு நாம் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வியின் முதற்பாதி உண்மை. 10-ஆவது நிதிக்குழுவின் காலத்தில் மாநிலங்களுக்கான வரிப்பகிர்வில் கேரளத்தின் பங்கு 3.875 சதவீதம். 15-ஆவது நிதிக்குழு அதனை 1.925 சதவீதமாக்கியது. செஸ், சர்சார்ஜ் என்று வசூலிக்கப்படுபவை பகிர்வுக்கே வருவதில்லை.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, வரி விகிதத்தைத் தீர்மானிக்கும் உரிமையை மாநிலங்கள் பெருமளவு இழந்தன. ஜிஎஸ்டி கவுன்சிலில் முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வாக்குவலிமை வேண்டும். ஒன்றிய அரசிடம் மட்டுமே மூன்றில் ஒரு பங்கு உள்ளது. ஆகவே அதன் சம்மதமின்றி எதுவும் நிறைவேறாது. இழந்த உரிமைக்கு ஈடாக, 14 சதவீத ஆண்டு வளர்ச்சிக்கு உத்தரவாதம் தரும் இழப்பீடு வழங்கப்பட்டது. "இழப்பீடு மாநிலங்களைச் சோம்பேறியாக்கியது" என்போர் இதனை மறைக்கின்றனர். அந்த உத்தரவாதமும் 2022 ஜூனுடன் முடிந்தது.

ஆனால் இதிலிருந்து வரி ஏய்ப்புக்கு நியாயம் தேடுவது தவறு. ஜிஎஸ்டி, நுகர்வு நடக்கும் மாநிலத்துக்குச் சேர வேண்டிய வரி. மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வழியே இங்கு வரும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி முதலில் ஒன்றிய அரசின் கணக்கில் சேர்கிறது. அதில் கேரளத்தின் பங்கைப் பெற்றுத் தருவது பில்லும் கணக்குத் தாக்கலும்தான். அமரவிளை வணிகவரிச் சோதனைச்சாவடி இன்று இல்லை, பில்லே சாட்சி. 18 சதவீத வரியுள்ள பொருள் கணக்கில் வராமல் கைமாறினால், மாநிலத்துக்குரிய 9 சதவீதம் போய்விடுகிறது. தில்லி வெட்டிய பங்கில் மிச்சத்தை நாமே வெட்டலாமா?

தொழில்வரியைப் பாருங்கள். அது நேரடியாக ஊராட்சிக்குச் சேர்கிறது. கட்டிய பணம் தெருவிளக்காகவும் ஓடையாகவும் கண்முன் தெரிந்தால் கடைக்காரர் முணுமுணுக்காமல் கட்டுவார். அதன் உச்சவரம்போ 1988-இல் நிர்ணயித்த ஆண்டுக்கு 2,500 ரூபாயிலேயே நிற்கிறது. அதை உயர்த்த அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டும். அந்தச் சாவியும் தில்லியில்தான்.

எனவே நம் கடமைகள் மூன்று. உறுப்பினர் ஒவ்வொருவரும் வாங்கும் பொருளுக்குப் பில் கேட்க வேண்டும். வரி அதிகாரிகளின் பிடி சிறுகடைக்காரரின் கழுத்தில் அல்லாமல், பெரும் ஏய்ப்பாளர்கள் மீது இறுக வற்புறுத்த வேண்டும். வரவு செலவைக் கிராமசபையில் மக்கள் முன் வைக்கச் செய்ய வேண்டும். உள்ளூரில் வரியை ஒழுங்காகத் திரட்டிக் காட்டும்போதுதான், பங்கு கேட்டுத் தில்லியை நோக்கி எழுப்பும் நம் குரலுக்கு வலிமை கூடும்.