இதழசைவும் சொற்பொருளும்



சிட்னி லுமெட் இயக்கி 1957இல் வெளிவந்த '12 ஆங்ரி மென்' என்னும் அமெரிக்கப் படம் 96 நிமிடம் ஓடுவது. சண்டையில்லை, பாட்டில்லை; ஏறக்குறைய முழுநேரமும் ஓர் அறையில் பன்னிருவர் பேசிக்கொண்டிருக்கின்றனர். தந்தையைக் கத்தியால் குத்திக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 18 வயதுப் பையனுக்கு மரணமா விடுதலையா என்பதை அந்த ஜூரர்கள் ஒருமனதாக முடிவு செய்ய வேண்டும். முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் ஒருபக்கம். ஹென்றி ஃபோண்டா ஏற்று நடித்த எட்டாம் ஜூரர் மட்டும் மறுபக்கம். பேச்சே படம் ஆகையால், இதனைத் தமிழில் டப்பிங் செய்ய முனைபவர் சொல்லில் தவறினால் படமே தவறிவிடும்.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஜூரி முறைக்கு இடமில்லாமல் போயிற்று. தமிழ்ப் பார்வையாளருக்கு அந்த அறையே புதிது. அது பெரிய இடர் அன்று. தொடக்கத்தில் நீதிபதி கூறும் அறிவுரையே அதை விளக்கிவிடும். இடர் இருப்பது 'நாட் கில்டி' என்னும் இரண்டு சொற்களில்.

நாளேடு படித்துப் பழகிய கை உடனே 'நிரபராதி' என்று எழுதும். அது படத்தைக் கொன்றுவிடும். பையன் கொலை செய்யவில்லை என்று எட்டாம் ஜூரர் சாதிக்கவில்லை. தமக்குத் தெரியவில்லை என்கிறார், சான்றுகள் போதவில்லை என்கிறார். குற்றமற்றவன் என அறிவது வேறு. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது வேறு. 'சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து' என்னும் நீதிமன்றத் தமிழின் உட்பொருளும் இதுவே. பொற்கொல்லன் சொல்லொன்றையே நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொல்வித்த கதையைக் கற்றவர்களுக்கு இவ்வேறுபாட்டை விரிக்க வேண்டுவதில்லை.

வியப்பு என்னவென்றால், 'நிரபராதி' வாயசைவுக்கும் பொருந்தாது. பகரமும் மகரமும் இரண்டு இதழும் கூடப் பிறப்பவை என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்திருக்கிறார். (டப்பிங் கூடத்துச் சுவரில் எழுதி வைக்கத்தக்க இலக்கணம்!) 'நாட் கில்டி'யில் இதழ் ஒட்டும் இடமே இல்லை, 'நிரபராதி'யின் நடுவே பகரம் வந்து நிற்கிறது. 'குற்றவாளி இல்லை' என்பதில் அத்தடை இல்லை. அசை மிகுதிதான், விரைந்து சொன்னால் அடங்கும். இலக்கணம் 'அல்லன்' என்று கேட்கும். பேச்சுக்கு 'இல்லை'யே போதும்.

இதில் தமிழுக்கு ஆதாயமும் உண்டு. இரகசிய வாக்கெடுப்பில் தலைவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறார். ஒரே ஒரு சீட்டு மாறி வருகிறது. ஆங்கிலத்தில் எதிர்மறை முன்னே வந்து முடிவை உடைத்துவிடுகிறது. தமிழிலோ அதுவும் 'குற்றவாளி' என்றே தொடங்குகிறது. கேட்பவர் நம்பிய பின்னரே 'இல்லை' வந்து விழுகிறது.

பையனுக்கு ஒழுங்கான ஆங்கிலம்கூடப் பேச வராது என்று பத்தாம் ஜூரர் பழிக்குமிடத்தில், அவருடைய வினைச்சொல்லே பிழைபடுகிறது. வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறிய கடிகாரத் தொழிலாளியான பதினோராம் ஜூரர் அப்பிழையை அமைதியாகத் திருத்துகிறார். அவ்வினைத்திரிபு தமிழுக்கு வாராது. ஆனால் "ஒளுங்காப் பேசக்கூடத் தெரியாது" என்று ஒருவர் ஏச, "ஒழுங்காக" என்று புதிதாய் வந்தவர் திருத்தினால் ழகரம் அவ்வேலையைச் செய்துவிடும்.

'யூ' ஒன்றே ஆங்கிலத்திற்கு. தமிழுக்கு நீ, நீங்கள். முன்பின் அறியாத இவர்கள் 'நீங்கள்' என்றே தொடங்க வேண்டும். மூன்றாம் ஜூரர் எட்டாமவரைக் கொன்றுவிடுவேன் என்று பாயும் கட்டத்திற்குத்தான் 'நீ'யைச் சேமித்து வைக்க வேண்டும். அதுவரை, பையன் தந்தையிடம் அவ்வாறு கத்தியதைச் சான்றாகக் காட்டியவர் அவர். பிள்ளைகளை அதட்டும் தாய்மாரிடம் "கொன்னுடுவேன்" என்பதை நாள்தோறும் கேட்கும் தமிழ்ச் செவிக்கு இக்கட்டம் எளிதில் விளங்கும்.

படம் முழுவதும் எவருக்கும் பெயரில்லை. இறுதியில் நீதிமன்றப் படிகளில் முதியவரான ஒன்பதாம் ஜூரர் எட்டாமவரின் பெயரைக் கேட்கிறார். இங்கே 'தம்பி' என்றழைக்க வசனகர்த்தாவுக்கு ஆசை வரும். எழுதலாகாது, உறவு சொல்லிவிட்டால் அவர்கள் அயலார் என்பது மறைந்துவிடும். "உங்கள் பெயர்?" என்பதே தகும். டேவிஸ், மெக்கார்டில் என்று இருவரும் பெயர் சொல்லிப் பிரிகின்றனர். அவ்விரண்டு சொற்களுக்கும் வாயசைவு பார்க்க வேண்டியதில்லை.