கேட்கப்படாத வினா

2012ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் நாள், கொல்கத்தாவிலிருந்து கோவா செல்லவிருந்த விமானமொன்றில் ஜீஜா கோஷ் என்னும் பெண்மணி தமக்குரிய ஆசனத்தில் அமர்ந்திருந்தார். அவர் பெருமூளை வாதம் உடையவர். இயலாமையுடையோரின் உரிமைக்காகப் பணியாற்றி வருபவர். மாநாடொன்றிற் கலந்துகொள்ளவே அன்று புறப்பட்டிருந்தார். பணியாளர் வந்து பிரயாணச் சீட்டை வாங்கிப் பார்த்தனர். பின்னர் இறங்குமாறு பணித்தனர். கண்ணீருடன் எடுத்துரைத்தும் பயனில்லை. அதிர்ச்சியால் நலிவுற்ற அவர், மறுநாளும் பயணஞ் செய்ய இயலாது மாநாட்டையே இழந்தார்.

இச்செயலின் வேர் யாது? வெறுப்பு என்று எளிதிற் கூறிவிடலாம். ஆனால் அவரை வெறுப்பதற்கு அங்கிருந்தோருக்குக் காரணம் எதுவுமில்லை. அவர் சுகவீனமுற்றவராகக் காணப்பட்டார் என்றும், பாதுகாப்பை முன்னிட்டே இறக்கியதாகவும் நிறுவனத்தார் பின்னர் சமாதானங் கூறினர். அங்ஙனமாயின் மருத்துவரின் ஆலோசனையைப் பெற்றிருக்க வேண்டுமன்றோ? பெறவில்லை. இயலாமை வேறு, நோய் வேறு. அதனைப் பகுத்துணராது, கண் கண்டதையே மனம் தீர்ப்பாக்கிக்கொண்டது. காட்டுபவரே அறியாமற் காட்டும் பாகுபாடு இதுவே.

இத்தகைய பிரயாணிகளை நடத்தவேண்டிய முறைபற்றி இந்தியாவில் 2008ஆம் ஆண்டிலேயே விதிகள் வகுக்கப்பட்டிருந்தன. விதி ஏட்டில் இருந்தது, பார்வையில் இல்லை. 2016ஆம் ஆண்டு மே மாதம், மருத்துவ ஆலோசனையின்றி அவரை இறக்கியது தவறெனக் கண்ட இந்திய உச்ச நீதிமன்றம், 10 இலட்சம் ரூபாய் நட்டஈடு வழங்குமாறு பணித்தது.

பிற நாடுகளிலும் இவ்வுரிமை எளிதிற் கிட்டவில்லை. ஐக்கிய அமெரிக்காவில், அரசாங்கப் பண உதவி பெறும் அமைப்புகளுக்கான பாகுபாட்டுத் தடைச் சட்டம் அவ்வுதவி பெறாத விமான நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாதென 1986இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அவ்வாண்டிலேயே காங்கிரஸ் சபை அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது.

ஆயினும் சட்டம் எட்டாத இடங்கள் உள. சக்கர நாற்காலியில் இருப்பவரை விடுத்து, அதைத் தள்ளி வருபவரிடம் “இவருக்கு என்ன தேவை?” என வினவும் பணியாளர் அன்புள்ளவரே. ஆனால், அமர்ந்திருப்பவர் தமக்காகப் பேசவியலாதவர் என்னும் முடிவு அவ்வன்பினுள்ளே மறைந்திருக்கின்றது.

“தங்களுக்கு எவ்வகை உதவி வேண்டும்?” என்று அவரிடமே கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். கொல்கத்தாவில் அந்த ஒரு நிமிடம் செலவிடப்பட்டிருப்பின், நான்காண்டு வழக்கு நேர்ந்திராது; ஒரு பெண்மணியின் கண்ணீரும் சிந்தியிராது.