வள்ளத்துக்கும் எண்ணெய்

2022 யூலையில், இலங்கையில் எரிபொருள் வரிசை நீண்டு கிடந்தபோது, வாகன இலக்கத்தை வைத்துப் பங்கிட கியூஆர் முறை வந்தது ஞாபகமிருக்கும். இப்படியொரு மென்பொருளைச் சோதிப்பவருக்கு எசமான் ஒருவரல்ல. ஒரே வாகனம் இரண்டு தரம் பதிந்தால் பிடிபடுமா என்பது அமைச்சின் கவலை. பெற்றோல் செட் பெடியனுக்கோ, உச்சி வெயிலில், கீறல் விழுந்த போன் திரையும் ஒரே தரத்தில் ஸ்கான் ஆகவேண்டும். பின்னால் நிற்கிறவர்கள் கத்துவார்கள்.

நல்ல சோதனையாளர் நெடுந்தீவு வரைக்கும் யோசிப்பார். அந்தத் தீவுக்குக் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம். கொழும்பு மேசையில் லேசில் எழாத கேள்விகளைக் கேட்கத்தானே அவருக்குச் சம்பளம்! உப்புத்தண்ணி பட்டு நைந்த கடதாசிப் பிரதியை ஸ்கானர் வாசிக்குமா? அங்குள்ள மீனவருக்கு வேண்டியது வள்ளத்து மெசினுக்கு மண்ணெண்ணெய். வள்ளத்தின் பதிவிலக்கம் வேறு மாதிரி. படிவம் வாகன இலக்கம் மட்டும் கேட்டால் அவர் எதை நிரப்புவார்?